இரவில் இரை தேடும் மைசிஸ்

விலங்கியல் செய்முறை வகுப்பில் இறாலின் 19 சோடி இணையுறுப்புகளையும் பிரித்தெடுத்து, அட்டையில் வரிசையாக ஒட்டிப் பெருமையோடு நின்றேன். "இத்தனை உறுப்புகளைக் கொண்டு இது எதை உண்கிறது?" என்றார் பேராசிரியர். "நீரடியிலுள்ள மட்கிய பொருள்களை" என்றேன். "எப்பொழுது?" என்றார். விழித்தேன். விடை தேடி நூலகத்திற்குச் சென்றபோது கிடைத்ததே மைசிஸின் கதை.

மைசிஸ், இறாலைப் போன்ற தோற்றமுடைய சிறிய நன்னீர் ஓட்டுடலி. வட அமெரிக்காவின் ஆழமான, குளிர்ந்த ஏரிகளில் வாழ்வது. பகலெல்லாம் இருண்ட ஏரியடியில் தங்கி, வண்டலில் படிந்த மட்கையும் பாசித் துகள்களையும் தின்னும். இருட்டியதும் மேலே நீந்தி வந்து, டாஃப்னியா போன்ற மிதவையுயிரிகளைக் கால்களால் வளைத்துப் பிடித்து உண்ணும். விடியுமுன் அடிக்குத் திரும்பிவிடும்.

இவ்வழக்கத்தை எண்ணிப் பாராததால் விளைந்த கேடு பெரிது. 1949இல் கனடாவின் கூட்டனி ஏரியில் மைசிஸை விட்டார்கள். அவ்வேரியின் மேற்குக் கிளையில் கோக்கனி என்னும் சால்மன் மீன்கள் அதைத் தின்று கொழுத்தன. அங்கே நீரோட்டம் மைசிஸை மேலே தள்ளிக் கொடுத்ததே அதற்குக் காரணம். எல்லா ஏரியிலும் அப்படியே நடக்கும் என்று நம்பி, அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் பிளாட்ஹெட் ஏரிக்கு மேற்புறமுள்ள ஏரிகளில் 1968 முதல் மைசிஸை விடலாயினர். அது ஆற்றோடு இறங்கி, 1981இல் பிளாட்ஹெட் ஏரியிலும் காணப்பட்டது.

கோக்கனி பகலில் கண்ணால் கண்டு இரை பிடிப்பது. அப்பொழுது மைசிஸ் அடியில் இருக்கும். இரவில் மேலே வந்து, கோக்கனியின் உணவான டாஃப்னியாவையே தின்று தீர்க்கும். இரையாக வந்தது போட்டியாளன் ஆயிற்று! ஆழத்தில் வாழும் ஏரி டிரவுட் மீனின் குஞ்சுகளோ, மைசிஸைத் தின்று பெருகி, வளர்ந்தபின் கோக்கனியையும் விழுங்கின.

மெக்டொனால்ட் ஓடைக்கு முட்டையிட வந்த கோக்கனிகள் 1985இல் ஒரு லட்சத்திற்கும் மேல். 1989இல் சுமார் 50. அவற்றை உண்ண அங்கே கூடிய வெண்டலைக் கழுகுகள் 1981இல் 600க்கும் மேல். 1989இல் வெறும் 25.

நம்மில் சிலர் நாளை மீன்வளத் துறையில் பணியாற்றக் கூடும். ஓர் ஏரியில் புதிய உயிரொன்றை விடுமுன், அது எதை உண்ணும் என்பதோடு, எங்கே, எப்பொழுது உண்ணும் என்றும் கேட்போமாக. அன்று பேராசிரியர் கேட்ட ஒற்றைச் சொல் கேள்வியின் பொருள் இப்பொழுதுதான் எனக்கு விளங்குகிறது.