எழுந்து நின்றால் உடம்புக்குள் என்ன நடக்கிறது, தெரியுமா?

நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறீர்கள். நீங்கள் செய்தது அவ்வளவுதான். ஆனால் அதற்குள் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது, தெரியுமா? அதை அப்படியே விட்டால் மூளைக்கு ரத்தம் போதாமல் கண் இருட்டி, நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவோம். தினமும் எத்தனையோ தடவை எழுகிறோம், விழுவதில்லையே! யார் பிடித்துக்கொள்கிறார்கள்?

தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தில் துடிப்பு தெரியும் இடத்தில் விரலை லேசாக வையுங்கள். தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் சின்னதாக ஓர் உப்பல். அதன் சுவருக்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் சுவர் எவ்வளவு விரிந்தது என்று மூளைத்தண்டுக்குச் செய்தி போகிறது. நீங்கள் எழுந்ததும் விரிவு குறைகிறது. உடனே இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. சில நொடிகளில் எல்லாம் சரி! இதே வேலைக்கு இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவிலும் ஒரு செட் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களும் மூச்சையும் ஒழுங்குபடுத்துவதைக் காட்டிய பெல்ஜியம்காரர் கார்னேய் ஹேமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு.

விரலை லேசாக என்று சொன்னேன், அழுத்திவிடாதீர்கள். வயதானவர்கள் சிலருக்கு அந்த இடம் மிகவும் கூருணர்வாகிவிடும். இறுக்கமான காலர் போட்டாலோ, சவரத்துக்குக் கழுத்தைத் திருப்பினாலோகூட மயக்கம் வருவது உண்டு.

இந்தக் கழுத்துக் காவலுக்கு ஒரு பலவீனமும் இருக்கிறது. ரத்த அழுத்தம், அதாவது பி.பி., நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால், திருடனோடு பழகிப்போன காவல்காரன் மாதிரி, அந்த உயரத்தையே ‘இதுதான் நார்மல்’ என்று எடுத்துக்கொண்டு அதையே காப்பாற்ற ஆரம்பித்துவிடும்!

சரி, இந்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் டாக்டரா? இல்லவே இல்லை, ஒரு பாதிரியார்! இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு பெண் குதிரையை மல்லாக்கக் கட்டிப்போட்டு, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீளமான கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்தார். ரத்தம் விறுவிறுவென ஏறி 8 அடிக்கும் மேல் போய் நின்றது! ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் ஆடியது. இதை 1733-இல் புத்தகமாகவே வெளியிட்டார். பாவம் அந்தக் குதிரை. நம்முடைய பி.பி. எண்ணான 120-ஐ அதே முறையில் அளந்தால் ரத்தம் சுமார் 5 அடி ஏறும். பி.பி.யைக் கணக்கிடும் பாதரசம் ரத்தத்தைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் கனம் என்பதால்தான் அந்த 5 அடி, 120 மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது. கையில் பட்டையைக் கட்டி ஊதும் முறை 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி தந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்து ‘டப் டப்’ சத்தம் கேட்பதை 1905-இல் சொன்னவர் ரஷ்ய ராணுவ டாக்டர் கொரோட்கோவ்.

சரி, பி.பி. ஏன் ஏறுகிறது? ஒரு ரத்தக்குழாயின் ஆரம் பாதியானால் ரத்த ஓட்டத்துக்குத் தடை எத்தனை மடங்காகும்? இரண்டு? நான்கு? பதினாறு! அதனால்தான் கண்ணுக்கே தெரியாத குட்டித் தமனிகள் துளி இறுகினாலும் பி.பி. எகிறுகிறது. அவற்றைத் தளர்த்த, குழாயின் உள்தோலே ஒரு வாயுவைத் தயாரிக்கிறது. பெயர் நைட்ரிக் ஆக்சைடு. வண்டிப் புகையில் வருகிறதே, அதேதான்! இதைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 1998-இல் நோபல். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் போடும் சின்ன மாத்திரையும் உடம்புக்குள் இந்த வாயுவாக மாறித்தான் வேலை செய்கிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய ஆச்சரியம் சிறுநீரகம்தான். மூத்திரம் பிரிக்கும் உறுப்பு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். நீண்டகாலக் கணக்கில் பி.பி.யின் எஜமான் அதுதான். தனக்கு வரும் ரத்தம் குறைந்தால் ரெனின் என்ற பொருளை விடுகிறது. ரெனின், கல்லீரல் அனுப்பிய ஒரு புரதத்தை வெட்டுகிறது. வெட்டிய துண்டு நுரையீரல் வழியாகப் போகும்போது மறுபடி வெட்டுப்பட்டு ஆஞ்சியோடென்சின்-2 ஆகிறது. அது குழாய்களை இறுக்குகிறது, தாகத்தைக் கிளப்புகிறது, அட்ரினல் சுரப்பியைத் தட்டி ‘உப்பை வெளியே விடாதே’ என்கிறது. ஒரு பி.பி.க்கு நான்கு உறுப்புகளின் கூட்டணி!

இந்தச் சங்கிலியை அறுக்கும் வழியைக் காட்டியது ஒரு பாம்பு, நம்புவீர்களா? பிரேசிலின் ஜரராக்கா விரியன் கடித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் தடாலென விழும். 1960-களில் செர்ஜியோ ஃபெரெய்ரா அந்த விஷத்தைப் பிரித்துப் பார்த்தார். அதிலிருந்த பொருள் ஒன்று நுரையீரலில் நடக்கும் அந்த இரண்டாவது வெட்டைத் தடுப்பது பிறகு தெரியவந்தது. அதை மாதிரியாக வைத்து உருவான கேப்டோப்ரில் மாத்திரைக்கு 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று ‘-ப்ரில்’ என்று முடியும் பி.பி. மாத்திரைகள் எல்லாம் அந்த வம்சம்தான்!

அதே 1981-இல் இன்னொரு அதிசயம். கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட், எலியின் இதய மேலறைத் திசுச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார். எலிகள் உப்பையும் நீரையும் கொட்டித் தீர்த்தன! இதயம் வெறும் பம்ப் அல்ல, ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட. ரத்தம் மிகுந்து தன் சுவர் விரிந்தால் சிறுநீரகத்துக்குத் தானே தகவல் அனுப்பிவிடும்.

நாட்டு மருந்துக்கடையில் வாங்கும் அதிமதுரம் பி.பி.யை ஏற்றும் என்பது தெரியுமா? அதிலுள்ள கிளைசிரைசின், உப்பைப் பிடித்து வைக்கும் வேலையை உடம்பில் தூண்டிவிட்டு, பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிறது. தொண்டைக் கரகரப்புக்கு எப்போதாவது ஒரு துண்டு, சரி. பி.பி. உள்ளவர்கள் தினமும் கஷாயம் வைத்துக் குடிப்பது வேண்டாத வேலை.

ஒட்டகச்சிவிங்கியையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு உயரத் தலைக்கு ரத்தம் ஏற்ற வேண்டுமே! அதனால் அதன் பி.பி. நம்மைப்போல் சுமார் இரண்டு மடங்கு. நமக்கு ஆபத்தான அந்த எண், அதற்குப் பிறவியிலேயே நார்மல்.

நல்ல தூக்கத்தில் பி.பி. 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குவது இயல்பு. பேசினாலே ஏறும், மூத்திரத்தை அடக்கினாலும் ஏறும், கால்மேல் கால் போட்டாலும் ஏறும். ஆகவே அடுத்த முறை பி.பி. பார்க்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். இரு பாதங்களும் தரையில் இருக்கட்டும், கை நெஞ்சு மட்டத்தில் தாங்கலோடு இருக்கட்டும். பட்டை இறுகும்போது வாயைத் திறக்காதீர்கள், நர்ஸம்மா ஊர்க்கதை கேட்டாலும் சரி!