கேத்தலும் சிறுத்தையும்

2020 மே 26ஆம் திகதி, மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில், கம்பிக் கண்ணி கழுத்தில் இறுகிக் கிடந்த அபூர்வமான கருஞ்சிறுத்தையொன்றை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தார் மீட்டு, உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தும், 29ஆம் திகதி அது மாண்டது. மயக்க ஊசி பட்டவுடன் மிருகம் சுருண்டு விழுவதாகவும், கண் விழித்தவுடன் காட்டுக்குள் ஓடுவதாகவும் சினிமா கற்பித்த நம்பிக்கையோடு, 'மருத்துவர் வந்தும் சிறுத்தை ஏன் பிழைக்கவில்லை?' என்று கேட்பவர்களுக்கு, ஊசிக்கு முன்னே நடக்கும் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

இலங்கைச் சிறுத்தையில் வளர்ந்த ஆணின் சராசரி எடை 56 கிலோ, பெண்ணுக்கு 29. தூரத்தில் நின்று, புதரிடையே உறுமும் பெண்ணை ஆணென்று மதித்துவிட்டால், மருந்து ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

எடையைச் சரியாக மதித்து, கிலோவுக்குரிய பிரமாணத்தால் பெருக்கினாலும், சரீரம் அந்தப் பெருக்கலுக்கு முழுதும் பணிவதில்லை. லயத்துக் குசினியில் கோப்பைப் பிளேன்டி ஆறிய பின்னும் கேத்தல் சுடுகிறது. கல்யாண வீட்டு அண்டாவோ அந்தி வரை சூடு தாங்குகிறது. கொள்ளளவு பெருகும் வேகத்தில் மேற்பரப்பு பெருகாததே காரணம். பூனையைக் கோப்பையென்றும், சிறுத்தையைக் கேத்தலென்றும், யானையை அண்டாவென்றும் கொண்டால், அண்டாவின் ஒவ்வொரு குவளை நீரையும் சூடாக வைத்திருக்கக் கோப்பையைவிடக் குறைந்த விறகே போதும் என்பதும், மருந்தைக் கழிக்கும் ஈரலும் பெரும்பாலும் அந்த அடுப்பின் வேகத்தையே பின்பற்றுவதால், பெரிய விலங்குக்குக் கிலோவுக்குரிய மருந்து பொதுவாகக் குறைய வேண்டும் என்பதும் விளங்கும். இந்த எரிவேகம் எடையின் முக்கால் அடுக்கில் ஏறுவதாக 1932இல் மாக்ஸ் கிளைபர் கண்டார்: எடை ஆயிரம் மடங்கானாலும் அடுப்பு சுமார் 178 மடங்கே.

இதை மறந்து பெருக்கியதற்குச் சரித்திரத்திலிருந்து ஒரு சான்று போதும். 1962இல் ஒக்லஹோமா நகரில், பூனைக்குரிய எல்.எஸ்.டி. போதைமருந்தின் அளவை நேராகப் பெருக்கி, டஸ்கோ என்ற யானைக்கு 297 மில்லிகிராம் ஏற்றினார்கள். அது அன்றே மாண்டது. பின்னர் கொடுத்த மருந்துகளின் பங்கு குறித்து இன்றும் வாதம் உண்டு.

கண்ணியில் உழலும் சிறுத்தையோ மூடி இறுகிக் கொதிக்கும் கேத்தல். ஓயாது இழுக்கும் தசைகளில் உஷ்ணமும் அமிலமும் பெருகி, சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. மயக்க ஊசியில் ஏற்றும் மெடெட்டோமிடினுக்கு முறிமருந்து உண்டு. கூடவே ஏற்றும் கெட்டமினுக்கு இல்லை, அதைச் சரீரமே கழித்தாக வேண்டும். மருந்து அட்டவணையிலுள்ள அளவோ இளைப்பாறிய, நோயற்ற மிருகத்துக்கு எழுதியது. புதிய கருவிகள் எல்லாவற்றையும் அளந்துவிடும் என்ற ஆரவாரத்தை நான் நம்புவதில்லை. கம்பி எத்தனை மணி நேரமாக இறுகியிருக்கிறது என்பதை எந்த ட்ரோனும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள், விடியலில் கொழுந்தெடுக்க மலைக்குப் போகையில் அந்த முதல் உறுமலைக் கேட்டவர்களே.