மாடலுக்கும் ஒரு கயத்தாறு

கயத்தாறு என்றதும் நமக்கு நினைவு வருவது 1799 அக்டோபர் 16, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாள். காற்றாலைப் பொறியாளர்களுக்கோ அந்த ஊர் வேறொரு காரணத்தால் பழக்கம். செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று கரிசல் வெளியில் விரிந்து வீசும் இந்த இடத்தில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இருக்கிறது. 1998இல் சென்னையில் தொடங்கி 2014இல் இப்போதைய பெயரைப் பெற்ற நிறுவனம் அது. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகம் துணை நிற்க, இந்த நிலையத்தை அமைத்தது. இத்தனை காற்றுக்கு இத்தனை கிலோவாட் என்று ஒரு கம்பெனி அச்சடித்துக் கொடுக்கும் வரைபடத்தை அப்படியே நம்பிவிடாமல், வெட்டவெளியில் அளந்து பார்ப்பது இதன் வேலை. வானிலையில் தொடங்கி வங்கிக் கடன்வரை நுழைந்துகொண்டிருக்கும் செயற்கை நுண்ணறிவு மாடல்களுக்கு இப்படியொரு இடம் இன்னும் வாய்க்கவில்லை. மாடல்களைப் பெரிய அளவில், குறைந்த செலவில் பயிற்றுவிக்கும் வித்தை பெரும்பாலும் கைவந்துவிட்டது. எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எந்த அளவுவரை அவற்றை நம்பலாம் என்று சொல்லும் வித்தை பின்தங்கிக் கிடக்கிறது.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இறக்கை சுழலும் வட்டத்தின் விட்டத்தைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு தூரம் தள்ளி ஒரு கம்பம் நிறுத்துவார்கள். காற்றாலையின் நடுமையம் எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் கம்பத்தில் காற்றுமானி இருக்கும். அந்தக் காற்றுமானி சரியாக அளக்கிறதா என்பதையே முதலில் ஆய்வகத்தில் செயற்கைக் காற்றோட்டத்தில் வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி பதிவாகும். காற்றின் வேகத்தை நொடிக்கு அரை மீட்டர் வீதம் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் குறைந்தது 30 நிமிடப் பதிவும், மொத்தத்தில் குறைந்தது 180 மணி நேரப் பதிவும் சேர்ந்த பிறகே சர்வதேச விதிப்படி உற்பத்தி வளைவை வரையலாம். பக்கத்துக் காற்றாலை கலக்கிவிட்ட காற்று வந்து விழும் திசைகளின் பதிவுகள் கழிக்கப்படும். ஒரு படியில் போதிய பதிவு சேரவில்லை என்றால் அந்தப் படிக்கு அளந்த மதிப்பு என்று ஒன்று கிடையாது. கணக்குப் போட்டு வளைவை நீட்டினால், நீட்டியது எது என்று தனியே சொல்லியாக வேண்டும். மிகச் சாதாரணமாகத் தெரியும் இந்தக் கடைசி விதியில்தான் நம்பகத்தின் முழு இலக்கணமும் இருக்கிறது.

1986இல் தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில் மின்வாரியம் சின்னஞ்சிறு காற்றாலைகளை நிறுத்தியபோது, நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்று யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்கத் தேவையில்லை. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் மின்தொகுப்பை நடத்த முடியாது. ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரவு எவ்வளவு, தேவை எவ்வளவு என்று முன்னதாகவே திட்டமிடுகிறார்கள். சொன்ன அளவிலிருந்து மிகவும் விலகினால் உற்பத்தியாளர் பணம் கட்ட வேண்டும் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் விதி வகுத்தது. சிக்கல் எங்கே என்றால், காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. நொடிக்கு 6 மீட்டர் என்று சொல்லி 6.6 மீட்டர் வீசினால் வேகத்தில் பிழை 10 விழுக்காடுதான். மின்சாரத்தில் அது 33 விழுக்காட்டை நெருங்கும். அந்த உபரிக்கு இடம்விடத் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகு ஒன்றை நினைத்த மாத்திரத்தில் நிறுத்தி, நினைத்த மாத்திரத்தில் ஓட்டவும் முடியாது. கொதிகலன் சூடேறவே மணிக்கணக்காகும்.

காற்றை முன்கூட்டிச் சொல்லும் இந்த முன்னறிவிப்பில்தான் இயந்திரக் கற்றல் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் 2023இல் வெளியானது. 1979 முதல் 2017 வரையிலான வானிலைப் பதிவுகளைக் கொண்டு 32 சிறப்புச் சிப்புகளில் ஏறத்தாழ நான்கு வாரம் பயிற்றுவித்து அதை உருவாக்கினார்கள். பயிற்சி முடிந்த பிறகு, பத்து நாள் உலக வானிலையை ஒரே சிப் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது. இவ்வளவு சிப்புகளை ஒன்றாக வேலை வாங்குவது எளிதல்ல. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வீடு வீடாகப் பெட்டி ஒட்டக் கொடுப்பதைப் போல, பதிவுகளைப் பங்கு பிரித்து ஒவ்வொரு சிப்புக்கும் கொடுக்கிறார்கள். எல்லார் வேலையும் வந்து சேர்ந்தால்தான் அடுத்த சுற்று, ஒரு வீடு தாமதித்தால் லோடு கிளம்பாது. ஆகவே ஒரு பகுதியைக் கணக்கிடும்போதே முந்தைய பகுதியின் விடையை அனுப்பிவிடுவது, எண்களைப் பாதி நீளத்தில் எழுதி நினைவக இடத்தை மிச்சம் பிடிப்பது, இயந்திரம் நின்றாலும் முதலிலிருந்து தொடங்காதபடி அவ்வப்போது சேமித்துக்கொள்வது என்று பல உபாயங்கள் வளர்ந்திருக்கின்றன. பெரிதாக்கினால்தான் சிறக்கும் என்பதும் இல்லை. 2022இல் டீப்மைண்டின் சின்சில்லா என்ற மொழி மாடல், பயிற்சியில் கற்றுக்கொள்ளும் உள்ளெண்கள் தன்னிடம் 7,000 கோடி மட்டுமே என்றாலும், அதிகப் பாடம் படித்ததால் 28,000 கோடி எண்கள் கொண்ட தன் அண்ணனை முந்தியது. கிராஃப்காஸ்ட்டிடம் இருக்கும் உள்ளெண்கள் 4 கோடிக்கும் குறைவு. ஐரோப்பிய வானிலை மையம் 2025 பிப்ரவரியில் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த மாடலும், முன்னறிவிப்பு ஒன்றுக்கு, சமன்பாடுகளைக் கணக்கிடும் வழக்கமான முறையைவிட ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மின்சாரமே எடுக்கிறது.

இந்தச் சிக்கனத்தில் ஒரு பகுதி கடன் வாங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மாடல்கள் படித்த பாடம், ஐரோப்பிய மையம் இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு பல பத்தாண்டுகளின் வானிலையை மறுபடி கணக்கிட்டுத் தொகுத்த தரவு. பழைய முறையின் உழைப்பில்தான் புதிய முறையின் வேகம் நிற்கிறது. அந்தப் பாடமும் உலகத்தைச் சுமார் 28 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்த்த பாடம். கயத்தாறும் சுற்றுவட்டாரக் கிராமங்களும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாகிவிடும். கணவாய்க்குள் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும் நுணுக்கம் அதில் மழுங்கிப்போகும். போதாததற்கு, சராசரிப் பிழையைக் குறைப்பதே பயிற்சியின் இலக்கு என்றால், மாடல் துணிந்து உச்சத்தைச் சொல்லாது. நடுவே ஒரு மிதமான எண்ணைச் சொன்னால் பல நாட்களில் தப்பித்துக்கொள்ளலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. உலக சராசரியில் முதல் மதிப்பெண் வாங்கிய மாடல், ஆடி மாதம் பிற்பகல் மூன்று மணிக்குக் கயத்தாற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அந்த மதிப்பெண்ணிலிருந்து தெரிய வராது.

உச்சம் என்றால் என்ன என்பதைத் தூத்துக்குடி மாவட்டம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தின் ஓராண்டு சராசரியையே அது தாண்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்தில் சிக்கி நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். கனமழை எச்சரிக்கை இருந்தது, இத்தனை மழை என்ற எச்சரிக்கை இல்லை. கற்றல் மாடல் இருந்திருந்தால் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் 2025இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு வெளியிட்ட ஓர் ஆய்வைக் கவனிக்க வேண்டும். பயிற்சிப் பதிவுகளிலிருந்து கடும்புயல்களை எல்லாம் நீக்கிவிட்டு ஒரு மாடலைப் பயிற்றுவித்து, பிறகு அதனிடம் கடும்புயலைக் காட்டினார்கள். அது புயலைக் குறைத்தே மதிப்பிட்டது. ஒரு கடலின் கடும்புயல்களை மட்டும் நீக்கிப் பிற கடல்களின் புயல்களை விட்டுவைத்தபோது ஓரளவு தேறியது. மாடல் வேறிடத்து அனுபவத்தை இங்கே கொண்டுவரும். எங்குமே பார்த்திராததைக் கொண்டுவராது. பதிவு சேராத படிக்கு மதிப்பு இல்லை என்ற கயத்தாற்று விதியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடல் அந்தப் படியிலும் கூசாமல் ஒரு எண்ணைச் சொல்கிறது, அது நீட்டிய எண் என்று சொல்வதில்லை.

பழைய முறையும்தானே அன்று தவறியது, புதியதை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழைய முறையைத் தூக்கிப் பிடிப்பது என் நோக்கமல்ல. சமன்பாட்டு முறை தவறினால் ஈரப்பதமா, மேகக் கணக்கா, எங்கே தவறியது என்று தேடிப் போக வழி இருக்கிறது. கற்றல் மாடலின் கோடிக்கணக்கான எண்களுக்குள் அப்படித் தேடுவது இன்னும் கடினம். உள்ளே பார்க்க முடியாத பொருளை வெளியே இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும், அவ்வளவே. இதற்குச் சிக்கனமே துணையும் வருகிறது. டீப்மைண்ட் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஜென்காஸ்ட், ஒரே எண்ணைச் சொல்லாமல், நடக்கக்கூடிய பல நிலைமைகளைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. பதினைந்து நாள் முன்னறிவிப்பு ஒன்றுக்கு ஒரு சிப்பில் எட்டு நிமிடம் போதும். ஐம்பது நிலைமைகளில் மூன்றில் பெருமழை என்றால் மாவட்ட ஆட்சியர் அதற்கேற்பப் படகுகளைத் தயார் நிலையில் வைக்கலாம். மிச்சம் பிடித்த கணக்கு நேரத்தை இன்னும் பெரிய மாடலில் கொட்டுவதைவிட, இப்படிச் சந்தேகத்தை அளந்து சொல்வதில் செலவிடுவது உத்தமம்.

இன்னொரு மறுப்பு வலுவானது. காற்றாலை ஒருமுறை சான்று பெற்றால் அதே இறக்கை, அதே கோபுரம். மாடலை அடுத்த மாதமே மறுபடி பயிற்றுவிப்பார்கள். பருவமும் மாறிக்கொண்டே போகிறது. இதற்கு எப்படிச் சான்று கொடுப்பது? ஒருமுறைச் சான்று போதாது என்பதற்குத்தான் இது காரணம், சான்றே வேண்டாம் என்பதற்கல்ல. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டுவரையிலான பதிவு, எந்தப் பருவத்தில் சோதித்தது, எப்போது காலாவதி என்று சான்றில் எழுதலாம். பயிற்சியில் கண்ட வினாத்தாளையே தேர்விலும் வைத்துவிடக் கூடாது என்பதும் முக்கியம். கிராஃப்காஸ்ட்டை 2017வரை பயிற்றுவித்து, 2018இல் சோதித்தது அதனால்தான். சோதனை, சிறு கம்பெனிகளை நசுக்கிவிடும் என்ற கவலைக்குக் காற்றாலைத் துறையே பதில். சான்று பெற்ற இயந்திரங்களின் அரசுப் பட்டியல் இருந்தும் தொழில் வளர்ந்துதான் இருக்கிறது.

காற்றாலையோடு இது நிற்கவில்லை. 2025இல் மத்திய வேளாண் அமைச்சகம் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குச் செயற்கை நுண்ணறிவு வழியாகப் பருவமழைத் தொடக்கத்தைச் செய்தியாக அனுப்பியது. நல்ல முயற்சி. ஆனால் அது தென்மேற்குப் பருவத்துக்கானது. கயத்தாறு வட்டாரத்து மானாவாரி விவசாயி புரட்டாசியில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைப்பது வடகிழக்குப் பருவத்தை நம்பி. ஜூன் மாதச் சோதனையில் தேறிய மாடல் அக்டோபருக்குத் தேறியதாக ஆகாது. விதை முதல் வீணானால் இழப்பு அவருக்கு, மாடலுக்கு அல்ல. தமிழ்நாடு அரசு 2020இலேயே பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகள் ஒரு மாடலைப் பயன்படுத்தும் முன் மதிப்பெண் அட்டை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அந்த அட்டையில் ஊரும் பருவமும் ஏற வேண்டும். மின்வாரியமும் வேளாண் துறையும் இனி எந்த முன்னறிவிப்பு மாடலை வாங்கினாலும், விற்பவர் காட்டும் மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு, அந்த ஊரின் முழு ஓராண்டுப் பதிவில் சோதித்த முடிவை, சொன்னதும் நடந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வருமாறு, பொதுமக்கள் படிக்கும் வடிவில் வெளியிட்ட பிறகே பணம் கொடுக்கட்டும்.