காவேரிக்கு ஒரு கணக்குப் புத்தகம்

ஆடிப் பதினெட்டாம் நாளன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போகிறோம். காவேரியம்மனுக்குக் காதோலையும் கருகமணியும் சமர்ப்பிக்கிறோம். ஐப்பசி பிறந்தால் மயிலாடுதுறையில் துலா ஸ்நானம். தாய் என்று வாயாரச் சொல்லுகிறோம். அந்தத் தாயின் தேக சௌக்கியம் எப்படியிருக்கிறதென்று என்றாவது விசாரித்ததுண்டா?

விசாரித்தவர்கள் சொல்லும் சேதி நன்றாயில்லை. தேசத்தில் அசுத்தமடைந்த நதிப் பகுதிகள் 351 என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் கணக்கிட்டது. மேட்டூரிலிருந்து மயிலாடுதுறை வரையுள்ள காவேரியும் அந்த ஜாபிதாவில் இடம் பெற்றது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. தமிழ்நாட்டு வாரியம் 1982-இல் ஏற்பட்டது. வாரியத்தார் நீரைச் சோதிக்கத்தான் செய்கிறார்கள். ஆயினும், நேற்றிரவு எந்தச் சாக்கடை திறந்து விடப்பட்டது என்பதை அறிந்தவர், இன்று காலை அதே துறையில் குளிக்க இறங்கியவரேயல்லவா? ஆகவே, கரையில் வாழும் நாமே ஒரு கணக்கு வைத்துக்கொள்வது அவசியமாகிறது.

முதலில் கேள்வி திட்டமாக இருக்க வேண்டும். 'ஆறு கெட்டுவிட்டதா?' என்பது வம்புப் பேச்சு. 'கும்பகோணத்தைக் கடக்கையில் நீர் எவ்வளவு மாறுகிறது?' என்பது கேள்வி. இதற்கு மூன்று இடங்கள் போதும்: நகரத்துக்கு மேலே சுவாமிமலை, நடுவே பகவத் படித்துறை, கீழே திருவிடைமருதூர்ப் பக்கம். மேல் துறையின் கணக்கு இல்லாவிட்டால், கீழ்த் துறையின் கணக்கைக் கொண்டு யாரையும் கேட்க முடியாது.

அடுத்தது காலம். நீரில் கரைந்துள்ள பிராணவாயு விடியற்காலையில் குறைந்தும், பாசி வெயிலில் வேலை செய்யும் பிற்பகலில் மிகுந்தும் இருக்கும். ஆதலால் எப்போதும் ஒரே வேளையில் எடுக்க வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். வெள்ளம் ஓடுகையில் கழிவு கரைந்து மெலிந்துபோகும். கோடையில் மணலிடையே கசிவது பல இடங்களில் சாக்கடை நீரேயாகும். இரு பருவத்துக் கணக்கும் வேண்டும்.

எதைச் சோதிப்பது? உஷ்ணம், கலங்கல், புளிப்பு-காரத் தன்மை, உப்பு, பிராணவாயு ஆகிய ஐந்தையும் உயர்தரப் பள்ளி மாணவர்களே பார்த்துவிடலாம். குளிக்கும் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் பிராணவாயு இருக்க வேண்டுமென்பது மத்திய வாரியத்தின் அளவு. அதை அறிய விங்க்ளர் என்பவர் 1888-இல் வகுத்த முறை இன்றும் உதவுகிறது. காற்றுக் குமிழி புகாமல் புட்டியை நிரப்பி, ஆற்றங்கரையிலேயே மருந்திட்டுப் பிராணவாயுவைக் கட்டிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமென்றால் கணக்குப் பொய்த்துவிடும். மலக்கிருமிகளை எண்ணுவது மட்டும் ஆய்வுக்கூடத்தின் வேலை. பத்துப் புட்டிகளில் ஒன்றையாவது கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, நம் அளவு சரிதானா என்று ஒப்பிட வேண்டும்.

இதெல்லாம் படித்த விஞ்ஞானிகளின் காரியம் என்று தயங்க வேண்டாம். 2019-இல் தொடங்கிய ஜல ஜீவன் இயக்கம் கிராமத்துக்கு ஐந்து பெண்களைக் குடிநீர்ச் சோதனையில் பழக்க வேண்டுமென்று வகுத்தது. கோலப்பொடியை அளந்து போடும் கைக்கு மருந்துத் துளியை எண்ணுவது பெரிய வித்தையா?

ஓர் எச்சரிக்கை. நாம் எடுத்த புட்டியை நீதிமன்றத்தில் கொண்டு வைத்தால் செல்லாது. சட்டப்படி வாரியத்தார் முறையாக எடுக்கும் மாதிரியே சாட்சியாகும். ஆனால், தேதியும் நேரமும் இடமும் குறித்து ஓராண்டு எழுதிய நோட்டுப் புத்தகத்தை நகராட்சியின் மேஜைமேல் வைத்து, 'இந்த இடத்தில், இந்த மாதத்தில் வந்து பாருங்கள்' என்று சொன்னால், அதை எளிதில் தட்டிக் கழிக்க முடியாது. நல்ல அளவு வந்த நாளையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். கெட்டதை மட்டும் எழுதிய கணக்கை ஒருவரும் நம்பார்.

1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து இந்தத் தஞ்சை நாட்டின் வழியாகவே வேதாரணியத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்கு அன்னமிட்டவர்கள் இக்கரை மக்கள். இன்று நாம் நடக்க வேண்டிய தூரம், வீட்டு வாசலிலிருந்து படித்துறை வரைதான். அடுத்த ஆடிப் பெருக்கன்று சித்திரான்னப் பாத்திரத்தோடு ஒரு புட்டியும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துச் செல்வோமாக!