ஆறு வருஷம் அடுப்பங்கரையில்!

"பிள்ளை என்ன படிக்கிறான்?" என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், "இன்ஜினீயரிங்" என்றோ, "டாக்டருக்கு" என்றோ பதில் சொல்வது வெகு சுலபம். "அமெரிக்காவில் சினிமா டைரக்ஷன் படிக்கிறான்" என்று சொல்லிப் பாருங்கள்! கேட்டவர் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போவார். பிறகு மெதுவாக, "அதைப் படித்தால் உத்தியோகம் கிடைக்குமோ?" என்பார்.

கேள்வி நியாயமானதுதான், சகோதரிகளே! சித்திரமோ, நாடகமோ, சினிமாவோ படிக்கப் பிள்ளையையோ பெண்ணையோ கடல் கடந்து அனுப்பும் ஒவ்வொரு தாயாரும் இராத் தூக்கமின்றி யோசிக்கும் கேள்வி அது. அதற்குப் பதிலாக ஒருவருடைய வரலாற்றைச் சொல்லுகிறேன். கட்டுக் கதையல்ல, நடந்த விஷயம்.

தைவான் தீவில் 1954-ஆம் வருஷம் பிறந்தவர் ஆங் லீ. அவருடைய தகப்பனார் தைனான் நகரத்து உயர்தரப் பள்ளியின் தலைமை ஆசிரியர். கண்டிப்பான மனிதர். மகன் புரொபஸர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனோ சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் இரண்டு முறை தவறினான்! தலைமை ஆசிரியர் வீட்டில் இப்படி நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? கடைசியில் பையன் கலைக் கல்லூரியில் நாடகம் படிக்கச் சேர்ந்தான். தகப்பனாருக்கு மனம் ஒப்பவே இல்லை.

கல்லூரிப் படிப்பும் கட்டாய ராணுவ சேவையும் முடிந்த பிறகு ஆங் லீ அமெரிக்காவுக்குப் போனார். இல்லினாய் சர்வகலாசாலையில் 1980-ல் நாடகப் பட்டம் பெற்றார். மேடையேறி நடிக்க இங்கிலீஷ் இடம் கொடுக்கவில்லை. ஆகவே டைரக்ஷன் பக்கம் திரும்பினார். அங்கேதான் ஜேன் லின் என்னும் மாணவியைச் சந்தித்தார். அவரும் தைவான்காரர், படித்ததோ உயிரியல் விஞ்ஞானம். 1983-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. மறு வருஷம் நியூயார்க் சர்வகலாசாலையில் ஆங் லீயின் சினிமாப் படிப்பும் முடிந்தது. பட்டத்துக்காக எடுத்த படத்துக்கு அங்கேயே பரிசு. பெரிய ஏஜென்ஸி ஒன்றும் அவரைத் தன் ஜாபிதாவில் சேர்த்துக்கொண்டது.

அப்புறம் வேலை குவிந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. ஆறு வருஷம் ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை! கதை எழுதுவார், திருத்தச் சொல்வார்கள், திருத்திக் கொடுப்பார், பிறகு பேச்சே இருக்காது.

குடும்பம் எப்படி நடந்தது? ஜேன் அம்மையார் விஞ்ஞான ஆராய்ச்சி வேலைக்குப் போனார். அவருடைய சம்பளத்தில் நடந்தது. ஆங் லீ சமைத்தார், குழந்தையைப் பார்த்துக்கொண்டார், ஒழிந்த வேளையில் எழுதினார். சம்பாதிக்கும் மனைவி, சமைக்கும் கணவன் என்றால் நம் அக்கம்பக்கத்தில் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

1990-ல் தைவான் சர்க்கார் திரைக்கதைப் போட்டி ஒன்று நடத்தியது. ஆங் லீ இரண்டு கதைகள் அனுப்பினார். முதற் பரிசு ஒன்றுக்கு, இரண்டாம் பரிசு மற்றொன்றுக்கு! முதற் பரிசு பெற்ற 'புஷிங் ஹாண்ட்ஸ்' கதையை அவரே டைரக்ட் செய்யும்படி தைவான் படக் கம்பெனி அழைத்தது. 1991-ல் வெளிவந்த அந்தப் படம் எங்கே எடுக்கப்பட்டது தெரியுமா? நியூயார்க் பக்கத்தில்தான்! அந்நிய தேசத்தில் முதல் வேலையைக் கொடுத்தது சொந்த ஊர்!

கதையும் நமக்குப் புதிதல்ல. சீனத்திலிருந்து அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு வந்து சேர்கிறார் ஒரு வயோதிகர். மருமகள் வெள்ளைக்காரி, எழுத்தாளி. பகலெல்லாம் இருவரும் ஒரே வீட்டில். ஆனால் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது! இரண்டாம் பரிசுக் கதையான 'வெட்டிங் பாங்க்வெட்' 1993-ல் பெர்லின் படவிழாவில் தங்கக் கரடிப் பரிசு பெற்றது. 1994-ல் வந்த படம், சமையற்கலை மேதையான தகப்பனாரையும் அவருடைய மூன்று பெண்களையும் பற்றியது. அடுப்பங்கரையில் கழிந்த வருஷங்கள் வீண் போகவில்லை, பார்த்தீர்களா?

ஆனால், "அவர் காத்திருந்தார், நம் பிள்ளையும் காத்திருக்கட்டும்" என்று இருந்துவிடலாகாது. அமெரிக்காவில் பட்டம் பெறும் அயல்நாட்டு மாணவருக்கு, படித்த துறையில் வேலை பழக 12 மாதம் அனுமதி உண்டு. அதில் வேலையில்லாமல் கழியும் நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. விஞ்ஞானம், இன்ஜினீயரிங், கணிதம் படித்தவர்கள் 2016-ஆம் வருஷத்து விதிப்படி இன்னும் 24 மாதம் கேட்கலாம்; நாடகமும் சித்திரமும் படித்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இங்கேயோ, படிப்பு முடிந்து சுமார் ஒரு வருஷத்தில் பாங்குக் கடனுக்குத் தவணை கட்டும் காலம் வந்துவிடும். இரண்டு கெடுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து நிற்கும்!

ஆகவே வேலை தேடும் படலம் பட்டமளிப்பு நாளன்று ஆரம்பமாகக் கூடாது. படிப்பின் முதல் வருஷத்திலேயே ஆரம்பமாக வேண்டும். கலைத் துறையில் மார்க்கை விட, "நீ செய்ததைக் காட்டு" என்றுதான் கேட்பார்கள். வரைந்த படம், எடுத்த படம், எழுதிய கதை இவைதான் சிபாரிசுக் கடிதம். ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் அதைத் தோல்வி என்று எண்ணவும் வேண்டாம். ஆங் லீக்குக் கதவு திறந்தது தாய்நாட்டிலிருந்துதானே? பிள்ளையை அனுப்புமுன் பணத்தோடு காலத்தையும் கணக்குப் போடுங்கள். சம்பளம் வரும் வரையில் வாடகை கொடுக்கப் போவது யார் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆங் லீ பின்னால் இரண்டு முறை சிறந்த டைரக்டருக்கான ஆஸ்கார் பரிசு பெற்றார்: 2006-ல் ஒன்று, 2013-ல் மற்றொன்று. இரண்டாவது, நம் புதுச்சேரித் தெருக்களில் காட்சிகள் எடுத்த 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு. அதில் பம்பாய் ஜெயஸ்ரீ தமிழில் பாடிய தாலாட்டும் ஆஸ்கார் போட்டிக்குப் போயிற்று.

இதற்கெல்லாம் முன்பு, 2003-ல் 'ஹல்க்' படம் எதிர்பார்த்தபடி அமையாதபோது, சினிமாவே வேண்டாம் என்று ஒதுங்கிவிட நினைத்தார் ஆங் லீ. விடாமல் தொடர்ந்து படம் எடுக்கும்படி அவருக்குத் தைரியம் சொன்னவர் யார் என்கிறீர்கள்? மகன் புரொபஸர் ஆகவில்லையே என்று வருந்திய அதே தகப்பனார்தான்! மறு வருஷம் அவர் காலமானார். ஆஸ்கார் பரிசுகளைக் கண்ணால் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்ல வேண்டிய சமயத்தில் சொல்லிவிட்டுத்தான் போனார்.