வளவுக் கோப்பியும் வீட்டு வறுவலும்

கண்டி, மாத்தளை, கேகாலை, பதுளை ஆகிய மாவட்டங்களிலே வயலும் மரக்கறித் தோட்டமும் உடைய கமக்காரர் பலரின் வளவுகளில் நாலைந்து கோப்பி மரங்கள் நிற்பதைக் காணலாம். அவை பெரும்பாலும் கவனிப்பாரின்றியே காய்க்கின்றன. வயல் வேலை மிகுந்த நாட்களிற் காய்களைப் பழுக்குமுன்னரே உருவி, வெறுந்தரையிற் காயவிட்டு, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, அதே வீட்டார் கடையிலே கோப்பித்தூள் வாங்குவதுண்டு. சொந்தக் கோப்பி சுவைப்பதில்லை என்பது அவர்கள் கூறும் காரணமாகும். அக்குறை மரத்தினுடையதன்று, பறித்தல், உலர்த்தல், வறுத்தல் ஆகிய மூன்றிலுமே உள்ளது.

இனத்தைத் தெரிதல்

மிக்க வரட்சியுள்ள இடங்களுக்குக் கோப்பி ஏற்றதன்று. குளிர்ந்த மலைப்பகுதிகளுக்கு அராபிக்காவும், அவற்றிலும் தாழ்ந்த, மழையுள்ள பகுதிகளுக்கு ரொபஸ்ராவும் பொருத்தமானவை. இலங்கையில் 1869ஆம் ஆண்டிலே காணப்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் அராபிக்காத் தோட்டங்களை அழித்து, அவ்விடத்திலே தேயிலை பரவுவதற்குக் காரணமாயிற்று. இலையின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சள் நிறத் தூள் தோன்றுவது இந்நோயின் அடையாளமாகும். ரொபஸ்ரா இதனை ஓரளவு தாங்கும். அராபிக்கா நட விரும்புவோர் கற்றிமோர் போன்ற எதிர்ப்புச் சக்தியுள்ள இனங்களை நாடுதல் நன்று.

ரொபஸ்ரா தன் மகரந்தத்தாலே தான் காய்ப்பதன்று. ஆகவே ஒற்றை மரத்தை நட்டுவிட்டு விளைவை எதிர்பார்த்தல் வீண். வெவ்வேறு தாய்மரங்களின் விதையிலிருந்து பெற்ற கன்றுகள் நாலைந்தாவது அருகருகே நிற்றல் வேண்டும்.

கன்றும் நடுகையும்

நன்கு பழுத்த பழங்களின் தோலை நீக்கி, கொட்டைகளைக் கழுவி, நிழலில் உலர்த்தித் தாமதமின்றி விதைத்தல் வேண்டும். நாட் செல்லச் செல்ல முளைக்குந் திறன் குறையும். தட்டையான பக்கம் கீழே இருக்குமாறு அரை அங்குல ஆழத்தில் இட்டு, நிழல் கொடுத்து, ஈரங் காத்தல் வேண்டும். முளைத்த நாற்றுக்களைப் பொலித்தீன் பைகளில் வளர்த்து, பருவமழை தொடங்கியதும் ஒன்றரை அடி நீளமும் அகலமும் ஆழமுமுள்ள குழிகளிலே மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு நடலாம். ரொபஸ்ராவுக்கு 8 முதல் 10 அடி இடைவெளி வேண்டும். கிளிசிரியாவின் மென்னிழல் நன்மை தரும். அடர்ந்த நிழல் காய்ப்பைக் குறைக்கும். மரத்தை 5 அல்லது 6 அடி உயரத்தில் நுனி வெட்டி நிறுத்தினால், நிலத்தில் நின்றே பழம் பறிக்கலாம். மூன்றாம் ஆண்டளவில் முதற் பழங்கள் கிடைக்கும்.

பறித்தலும் உலர்த்தலும்

ஒரே கிளையிற் பச்சைக்காயும் பழமும் சேர்ந்திருக்கும். சிவந்த பழங்களை மட்டும், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை பறித்தல் வேண்டும். சில மரங்களே உள்ள வீட்டில் இது காலைப்பொழுதிற் சிறிது நேர வேலையே. பச்சைக்காய் கலந்தால் எவ்வளவு நன்றாக வறுத்தாலும் துவர்ப்பு நீங்காது. பருவ முடிவில் மரத்திலும் நிலத்திலும் எஞ்சிய காய்களையும் பொறுக்கி அகற்றுதல் வேண்டும். காய் துளைக்கும் வண்டு அவற்றிலேயே பெருகும்.

பறித்த பழங்களை நீரிலிட்டு, மிதப்பவற்றை நீக்குக. ஏனையவற்றைப் பாயில் மெல்லிய படையாகப் பரப்பி, நாடோறும் பலமுறை கிளறி, இரவிலும் மழையிலும் மூடி வைத்தல் வேண்டும். வெறுந்தரையில் இட்டால் மண்வாடையும் பூஞ்சணமும் பற்றும். குலுக்கும்போது உள்ளே கொட்டை ஒலிக்கும் பதம் வந்ததும், உரலில் மெல்ல இடித்துச் சுளகிற் புடைக்கலாம். ஏறக்குறைய 5 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ கொட்டை கிடைக்கும்.

வறுத்தல்

கறுத்த, உடைந்த, துளைபட்ட கொட்டைகளைப் பொறுக்கி எறிந்தபின், இரும்புத் தாச்சியை மிதமான நெருப்பிற் சூடாக்கி, அடி மறையுமளவுக்கு மட்டும் கொட்டையிட்டு, அகப்பையால் ஓயாது கிளறுதல் வேண்டும். கொட்டை முதலில் மஞ்சளாகிப் பின் மண்ணிறமாகும். அப்போது பொரியும் ஒலி கேட்கும். அதன்பின் கணந்தோறும் நிறம் மாறும். விரும்பிய நிறம் வருவதற்குச் சற்று முன்னரே இறக்கி, சுளகிற் பரப்பி விசிறி ஆற்றுதல் வேண்டும். சூடான கொட்டை தானாகவே மேலுங் கறுக்கும். கரியாகும்வரை வறுப்பதால் மணம் போய்க் கசப்பே எஞ்சும். மல்லி சேர்க்கும் வழக்கமுள்ளோர் அதனைத் தனியாக வறுத்தல் நன்று. அது கோப்பிக்கு முன்னரே கருகிவிடும்.

வறுத்த கொட்டையை ஒருநாள் ஆறவிட்டு, காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, வேண்டியபோது மட்டும் இடித்துக் கொள்க. உலர்ந்த பச்சைக்கொட்டை பல மாதம் இருக்கும். வறுத்தது சில வாரங்களில் மணமிழக்கும். ஆதலால் இரு வாரத் தேவைக்கு மேல் வறுத்தல் வேண்டியதில்லை.

வீட்டுத் தேவைக்கு மிஞ்சியதை விற்பவருக்கும் இம்முறை பயனுடையதே. பழுத்துப் பறித்துச் சுத்தமாக உலர்ந்த கொட்டையை உடனே கொடுத்துவிட வேண்டுமென்பதில்லை. நல்ல விலை வரும்வரை வைத்திருக்கலாம். கன்றுகள் பற்றிய ஆலோசனையை ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரிடம் பெற்றுக் கொள்ளலாம்.