நடுராத்திரி கார் கண்ணாடியை உடைச்சது யார்? காட்டிக் கொடுக்கும் 'டேஷ்கேம்'... அது தூங்கிட்டா போச்சு!

சென்னை: ராத்திரி 11 மணிக்கு கடைசி சவாரியை இறக்கி விட்டு, தெருமுனையில் காரை ஓரங்கட்டி விட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். விடியற்காலை 4 மணிக்கு ஏர்போர்ட் சவாரி. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் முன்பக்க கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல். பக்கத்து ஜன்னல் கண்ணாடி தூள் தூளாகி சீட் முழுக்க கிடக்கிறது. கீழே ஒரு செங்கல்.

யார் செஞ்சது? பக்கத்து வீட்டில் கேட்டால் "நாங்க தூங்கிட்டோமே" என்பார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் முதல் கேள்வியே "யார் மேல சந்தேகம்?" என்பதுதான். பதில் சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை. சவாரி போச்சு, கண்ணாடி செலவு தலையில் விழுந்தது, மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

பெரம்பூர், சைதாப்பேட்டை, வடபழனி, தாம்பரம் என்று எங்கே போனாலும் குறுகலான தெரு. வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது. ரோட்டோரம்தான் ஷெட். போதை ஆசாமி, பார்க்கிங் தகராறு, பழைய பகை, விளையாட்டுக்கு கல்லெறியும் பசங்க என்று ஆபத்து எந்தப் பக்கம் இருந்து வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இப்போது பலரும் காருக்குள் 'டேஷ்கேம்' மாட்டுகிறார்கள்.

ஆனால் மாட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் தூங்கப் போகிறவர்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. சாவியை எடுத்ததும் அந்த கேமராவும் தூங்கிப் போயிருக்கும்!

டேஷ்கேம் என்பது காவலாளி இல்லை. கல்லை எறிகிறவன் கையை அது பிடிக்காது. அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். அந்த சாட்சி ராத்திரி முழுக்க முழிச்சிருக்கணும், சரியான திசையில் பார்க்கணும், பார்த்ததை மறக்காமல் வைத்திருக்கணும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் காசு தண்டம்.

முழிச்சிருக்கா?

விலை குறைந்த டேஷ்கேம்களை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகித்தான் ஓட்டுவார்கள். பெரும்பாலான கார்களில் சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட்டுக்கு கரண்ட் நின்றுவிடும். உங்கள் காரில் எப்படி என்று தெரிந்துகொள்ள போன் சார்ஜரை அதில் செருகி, வண்டியை ஆப் செய்து பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் கேமராவும் ராத்திரியில் தூக்கம்தான்.

நிறுத்திய காரைக் காக்க 'பார்க்கிங் மோடு' உள்ள கேமரா வேண்டும். அதோடு 'ஹார்டுவயர் கிட்' என்ற சின்ன பெட்டியும் வாங்க வேண்டும். இதை எலக்ட்ரீஷியன் காரின் பியூஸ் பாக்சில் இணைப்பார். ஒரு வயர் எப்போதும் கரண்ட் உள்ள பியூசுக்கு, இன்னொன்று சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் பியூசுக்கு, மூன்றாவது எர்த். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்று கேமரா இதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். வாரண்டி உள்ள புது வண்டி என்றால் கம்பெனி சர்வீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுவது நல்லது.

பேட்டரி இறங்கிடாதா?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. கணக்கு போட்டுப் பார்ப்போம். டேஷ்கேம் சுமார் 3 முதல் 5 வாட் மின்சாரம் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியில் அது அரை ஆம்பியருக்கும் குறைவு. ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் 3 ஆம்பியர் அவர் அளவுக்கு செலவாகும். சின்ன காரில் இருப்பது 35 ஆம்பியர் அவர் பேட்டரி. நல்ல பேட்டரி என்றால் ஒரு ராத்திரிக்கு பயமில்லை. தினமும் வண்டி ஓடினால் மறுபடி சார்ஜ் ஏறிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், ஊருக்குப் போய்விட்டு மூன்று நாள் வண்டியை எடுக்காமல் விடுவது. பழைய பேட்டரி என்றால் அதற்கு முன்பே படுத்துவிடும். இதற்குத்தான் ஹார்டுவயர் கிட்டில் 'கட்-ஆப்' இருக்கிறது. பேட்டரி குறிப்பிட்ட வோல்டேஜுக்கு இறங்கியதும் கேமராவை அதுவே நிறுத்திவிடும். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்கு வந்தால் பாதி காலி. 11.8 வரை விட்டால் காலையில் ஸ்டார்ட் ஆவது சந்தேகம். அதனால் கட்-ஆப்பை 12-க்குக் கீழே வைக்காதீர்கள். பேட்டரி பழசு என்றால் 12.2-ல் வையுங்கள்.

இன்னொன்று நம்ம ஊர் வெயில். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு மேல் கை வைக்க முடியாது. லித்தியம் பேட்டரி உள்ள மலிவு கேமராக்கள் இந்த சூட்டில் உப்பிப் போகும். 'கெபாசிட்டர்' வகை கேமரா சூட்டை நன்றாகத் தாங்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேட்டே ஆகணும். பவர் பேங்கை காருக்குள் வைத்து கேமராவை ஓட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது வெயிலில் தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

எங்கே பார்க்குது?

பலர் ஏமாறுகிற இடம் இதுதான். டேஷ்கேம் முன்பக்கம் மட்டும் பார்க்கும். பின்பக்க கேமராவும் சேர்த்து வாங்கினால் பின்னால் தெரியும். ஆனால் சாவியால் கோடு கிழிப்பதும், கதவில் ஆணியால் கீறுவதும் பக்கவாட்டில்தான் நடக்கும். அங்கே இந்த இரண்டு கேமராவுக்கும் கண் கிடையாது!

அடுத்த சிக்கல், அதிர்ச்சி சென்சார். வண்டி குலுங்கினால்தான் சில கேமராக்கள் பதிவைத் தொடங்கும். கல் விழுந்தால் குலுங்கும், சரி. சாவியால் கீறினால் வண்டி அசையவே அசையாது. கேமராவும் அசையாது. போதாக்குறைக்கு, குலுங்கிய பிறகு கேமரா எழுந்திருக்க சில நொடி ஆகும். அதற்குள் ஆள் ஓடிப்போய் சந்து திரும்பியிருப்பான்.

அதனால் 'குலுங்குவதற்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்து' சேமிக்கும் வகையை வாங்குங்கள். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு படம் பிடிக்கும் 'டைம் லேப்ஸ்' முறையில் வையுங்கள்.

இதற்கு காசு செலவில்லாத ஒரு வழியும் உண்டு. தெருவில் கேமரா உள்ள கார் இரண்டு இருந்தால், ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி எதிரெதிராக நிறுத்துங்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு, ரோட்டின் இரு ஓரத்தில் நின்றால் இன்னும் நல்லது. என் வண்டியின் பக்கவாட்டை உன் கேமரா பார்க்கும், உன் வண்டியை என் கேமரா பார்க்கும். தெருவிளக்குக்கு அடியில் நிறுத்துவதும் முக்கியம். இருட்டில் முகமும் தெரியாது, நம்பர் பிளேட்டும் தெரியாது.

வாங்கிய அன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். ராத்திரி வண்டியைப் பூட்டிவிட்டு ஐந்து நிமிஷம் கழித்து பானட்டை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள். பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். உள்ளே போய் பதிவைப் போட்டுப் பாருங்கள். உங்கள் முகம் எங்கே தெரிகிறது, எங்கே மறைகிறது என்று புரிந்துவிடும். மறைகிற பக்கத்தை சுவரை ஒட்டி நிறுத்துங்கள்.

மறக்காம இருக்கா?

டேஷ்கேம் மெமரி கார்டு நிறைந்ததும் பழைய பதிவை அழித்து அதன்மேல் புதிதாக எழுதும். சாதாரண புல் எச்.டி. பதிவு என்றால் 64 ஜி.பி. கார்டு சுமார் 9 மணி நேரத்தில் நிறைந்துவிடும். காலையில் கண்ணாடி உடைந்ததைப் பார்த்துவிட்டு, அதே கேமராவோடு மெக்கானிக் கடை, ஸ்டேஷன் என்று நாள் முழுக்க அலைந்தால், சாயங்காலத்துக்குள் ராத்திரி பதிவு காணாமல் போயிருக்கும்.

ஆகவே சேதத்தைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கேமராவை ஆப் செய்து கார்டைக் கழற்றி சட்டைப் பையில் போடுவது. இரண்டாவது, உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளுவதற்கு முன் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுப்பது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

கார்டு வாங்கும்போது 'ஹை எண்டூரன்ஸ்' என்று எழுதியதைக் கேளுங்கள். சாதாரண கார்டு ஓயாமல் எழுதி அழிப்பதில் சீக்கிரம் செத்துவிடும். கேமரா லைட் எரியும், ஆனால் கார்டில் ஒன்றும் பதிவாகியிருக்காது. மாதம் ஒருமுறை பதிவு ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது. கேமராவில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தப்பான தேதி உள்ள வீடியோ நாளைக்கு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா மாதிரி.

போலீசில் என்ன சொல்லணும்?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் உள்ளது. அடுத்தவர் சொத்தை வேண்டுமென்றே சேதப்படுத்துவது அதில் 324-வது பிரிவு. சாதாரண சேதத்துக்கு 6 மாதம் வரை ஜெயில். சேதம் 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல், ஒரு லட்சத்துக்குள் என்றால் 2 ஆண்டு வரை. ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் 5 ஆண்டு வரை. தீ வைத்தால் தனிப் பிரிவு, தண்டனை 7 ஆண்டு வரை போகும். தமிழ்நாட்டில் 1992-ம் ஆண்டின் சொத்து சேதத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. வாகன உடைப்பு வழக்குகளில் போலீசார் இதையும் சேர்ப்பது உண்டு.

சேதத்தின் மதிப்பை வைத்து தண்டனை மாறுவதால், ஒர்க்‌ஷாப்பில் எழுத்து மூலமாக எஸ்டிமேட் வாங்கி புகாரோடு இணையுங்கள். எப்.ஐ.ஆர். உடனே போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். கோர்ட்டுக்குப் போகும்போது வீடியோவுடன், பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தர வேண்டியிருக்கும். அதனால் காப்பியை பென் டிரைவில் கொடுங்கள், அசல் கார்டைப் பத்திரமாக வையுங்கள். போலீசார் அசலைக் கேட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். வீடியோவை வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம்.

தெருவில் வேறு கேமரா இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏ.கே.விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்த 2017-2020 காலத்தில் 'மூன்றாவது கண்' திட்டத்தில் தெருத்தெருவாக கேமரா வைக்கப்பட்டது. கடைகளிலும் இருக்கும். உங்கள் டேஷ்கேமில் மணி எத்தனை என்று தெரிந்துவிட்டால், அந்த நேரத்தை மட்டும் மற்ற கேமராக்களில் தேடினால் போதும். முகம் சரியாகப் பதிவாகாத டேஷ்கேம் கூட இந்த வகையில் உதவும்.

ஆத்திரத்தில் வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இவன்தான் திருடன்" என்று எழுதாதீர்கள். ஆள் மாறிப் போனால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். கேமரா அடுத்த வீட்டு வாசலையோ ஜன்னலையோ பார்த்தபடி நிறுத்துவதையும் தவிருங்கள். கண்ணாடியைக் காக்கப் போய் அக்கம்பக்கத்தில் புதுச் சண்டை தேவையா?

இன்சூரன்ஸ் வருமா?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் பத்து பைசா கிடைக்காது, வீடியோ எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. முழு பாலிசி இருந்தால், வேண்டுமென்றே செய்த சேதத்துக்கும் இழப்பீடு உண்டு. போலீஸ் புகார் நகலைக் கேட்பது வழக்கம். ஆனால் கிளெய்ம் செய்தால் 'நோ கிளெய்ம் போனஸ்' போய்விடும். கிளெய்மே இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடி அது. சின்ன கீறலுக்கு கிளெய்ம் போடுவதை விட கைக்காசில் சரி செய்வது லாபமாக இருக்கலாம். கணக்கு பார்த்து முடிவெடுங்கள்.

கேமரா வாங்க இப்போதைக்கு வசதி இல்லை என்றாலும், வெளிச்சத்தில் நிறுத்துவது, உள்ளே பை, போன் எதையும் கண்ணில் படும்படி வைக்காமல் இருப்பது, பக்கத்து வண்டிக்காரரிடம் "ஒரு கண்ணு பாத்துக்கப்பா" என்று சொல்லி வைப்பது, இதெல்லாம் இனாம்தான்.

இன்றைக்கு ராத்திரி வண்டியை நிறுத்தும்போது சாவியை எடுத்த பிறகு ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். கேமரா லைட் எரிகிறதா? எரிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அணைந்துவிட்டால், நாளை காலை முதல் வேலையாக எலக்ட்ரீஷியனைப் பாருங்கள்.